ஒரு குழி நிலமும் இன்றி

அண்ணனுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், முதல் பஸ்ஸைப் பிடித்து மாயவரம் போய், ஒரு குயர் வெள்ளைத்தாளும் நான்கு கார்பன் தாளும் வாங்கிக்கொண்டு வந்தேன். வாசலில் பந்தல் கால்களைக்கூட இன்னும் பிடுங்கவில்லை. "இவனுக்கு என்னடா இவ்வளவு அவசரம்?" என்று தெருவில் யாரோ கேட்டது காதில் விழுந்தது. அவசரம்தான். ஆதரவற்ற விதவைகளுக்கு அரசாங்கம் மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் வேறு யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒருவன் சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா?

எனக்கு அப்போது இருபத்தொரு வயது. எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். படிக்க வைத்தது அண்ணன். பட்டப்படிப்பை முடித்து, சர்வீஸ் கமிஷன் பரீட்சையும் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தேன். அப்பாவும் அம்மாவும் சீக்கிரமே போய்விட்டதால், என்னைவிடப் பதினான்கு வயது மூத்த அண்ணனும் அவனைக் கட்டிக்கொண்டு வந்த அண்ணியும்தான் எனக்கு எல்லாம். மாசி மாதம் சம்பா அறுவடை முடிந்து களத்து வேலை ஓய்ந்த வாரத்தில் அண்ணனுக்குக் கண் மஞ்சளாகியது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பார்த்தோம். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று டாக்டர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். கூட்டத்தில் நான்தான் பேண்ட் போட்டிருந்தேன்.

அப்பா மிராசுதார் வீட்டுப் பண்ணையாள். அண்ணன் குத்தகைதாரன். அதே மிராசுதாரின் நிலத்தில் ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர், அண்ணன் பெயரில் குத்தகை; நூறு குழி சேர்ந்தது ஒரு மா. ஒரே தலைமுறையில் பண்ணையாளிலிருந்து குத்தகைதாரன் ஆவது அன்றைக்குச் சின்ன விஷயம் இல்லை. குத்தகைதாரர்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றச் சட்டம் வந்தபோது, நிலம் வைத்திருந்தவர்கள் தங்கள் சாகுபடிக்காரர்களை எல்லாம் வெறும் கூலியாள் என்று காகிதத்தில் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் விவசாயிகள் சங்கத்தோடு சேர்ந்து தாலுகா ஆபீஸ் வாசலில் நாள் கணக்கில் உட்கார்ந்தான். ஒருமுறை போலீஸ் பிடித்துப் பதினோரு நாள் உள்ளே வைத்தது. வெளியே வந்து மறுபடியும் போய் அதே வாசலில் உட்கார்ந்தான். கடைசியில் பெயர் ஏறியது.

நான் அந்த வழியில் போகவில்லை. அண்ணன் தோளில் சிவப்புத் துண்டு. என் வேட்டிக் கரை கறுப்பு சிவப்பு. மேடைத் தமிழ் மேல் எனக்குப் பித்து. பெரிய பேச்சாளர் வந்து சேரும் வரை கூட்டம் கலையாமல் பிடித்துவைக்க, என் போன்ற மாணவர்களைப் பத்து நிமிஷம் பேச விடுவார்கள். அந்தப் பத்து நிமிஷத்துக்காக ஒரு வாரம் ஒத்திகை பார்ப்பேன். மோனை தவறாமல், மூச்சு விடாமல் பேசுவேன். இதற்காக எங்களுக்குள் சண்டை ஒன்றும் வந்ததில்லை. "நீ பேசுடா. நாங்க குத்தகையப் பாத்துக்கறோம்" என்பான் அண்ணன், சிரித்துக்கொண்டே.

இனி விண்ணப்பம். கர்ணம் பதவியை ஒழித்து, கிராம நிர்வாக அலுவலர் என்று புதிதாகப் போட்டிருந்தார்கள். அவர் அச்சடித்த பாரம் ஒன்றைக் கொடுத்தார். ஒரே பக்கம். பெயர், வயது, கணவர் இறந்த நாள். சொந்த நிலம், வீடு உண்டா? காப்பாற்றக்கூடிய வயதுவந்த மகன் உண்டா? அண்ணி பெயரில் நிலமோ வீடோ இல்லை. ஒரே பிள்ளை, ஏழு வயதுப் பெண். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று உண்மையாகவே எழுத முடிந்தது. கால் மணி நேரத்தில் பாரம் முடிந்துவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். எனக்கு அது போதவில்லை. அண்ணனின் சாவு ஒரு பக்கத்தில், நாலு 'இல்லை'யில் முடிந்துபோவதா? இதைப் படிக்கிற அதிகாரியின் மனசு உருக வேண்டாமா? பாரத்தோடு சேர்த்து ஒரு மனு எழுத உட்கார்ந்தேன். வெள்ளைத்தாள், அடியில் கார்பன், அதற்கடியில் இன்னொரு வெள்ளைத்தாள். மத்தியானம் முழுக்க எழுதினேன். இன்றைக்கும் அது எனக்குப் பாடமாக இருக்கிறது, மறக்க முடிந்தால் மறந்திருப்பேன்:

'மணாளனை மண்ணுக்குத் தந்து, மழலையை மடியில் ஏந்தி, சொந்தமாகவோ குத்தகையாகவோ ஒரு குழி நிலமும் இன்றி, ஏர் முனையோ நாற்று முடியோ ஏதென்றும் அறியாது, ஏனென்று கேட்க எவருமின்றி, ஏந்திய கரத்தோடு நிற்கும் ஏழைக் கைம்பெண் நான்.'

எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. அண்ணன் செத்ததற்கு அப்படிக் கலங்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

அண்ணி உள்ளே விதைநெல்லைப் புடைத்துக்கொண்டிருந்தாள். நான் மனுவை உரக்க வாசித்தேன், மேடையில் போலவே, ஏற்ற இறக்கத்தோடு. முறத்தை நிறுத்திக் கேட்டாள்.

"நாத்து முடி எதுன்னு எனக்குத் தெரியாதா? வருஷா வருஷம் நாத்தப் பறிச்சு முடி கட்டறவ நான்."

"அது ஒரு வேகத்துக்கு அண்ணி. அப்பத்தான் ஆபீஸருக்கு உருகும்."

"ஆபீஸரு உருகறதுக்கு நான் நடவு தெரியாதவளா போவணுமா? தெருவுல கேட்டா சிரிப்பாளுவ."

"தெருவுல யாரு படிக்கப் போறா?"

"அது சரி. குத்தகைகூட இல்லேன்னு வருதே?"

"குத்தகை அண்ணன் பேருல. உங்க பேருல இருக்கா? இல்லைல்ல? அப்ப நான் எழுதினது உண்மைதானே?"

என் வாதத்தின் கூர்மையில் எனக்கே சந்தோஷம். அண்ணி முறத்தை ஒருமுறை தட்டினாள். பதர் பறந்தது.

"கேக்க யாரும் இல்லேன்னு எழுதியிருக்கியே. நீ யாருடா?"

அதற்கு நான் சிரித்தேன். கையில் பேனாவைக் கொடுத்தேன். அண்ணி மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். ஒவ்வொரு எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு, கையெழுத்துப் போட்டாள். "நீ படிச்சவன். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

இரண்டு சாட்சி வேண்டும், ஊரில் தெரிந்த ஆளாக இருக்க வேண்டும் என்று கிராம நிர்வாக அலுவலர் சொல்லியிருந்தார். ஒருவர் பக்கத்து வீட்டுக்காரர். இன்னொருவருக்கு நான் யாரைத் தேடிப் போனேன் தெரியுமா? மிராசுதாரின் காரியஸ்தரை. மிராசுதார் மெட்ராஸில் இருந்தார். நிலம், குத்தகை, வழக்கு எல்லாம் காரியஸ்தர் கையில். அவருடைய கையெழுத்து தாலுகா ஆபீஸில் எல்லோருக்கும் தெரிந்த கையெழுத்து. அது விழுந்தால் விண்ணப்பம் ஓடும் என்று கணக்குப் போட்டேன். எங்கள் தெருவில் வேறு யாருக்கும் இப்படித் தோன்றியிருக்காது. காரியஸ்தர் வீட்டுப் பக்கம் காகிதத்தோடு போகக் கூடாது என்று அவர்களுக்கெல்லாம் அடிபட்டுத் தெரியும். நான் அடிபடாமல் வளர்ந்தவன்.

இன்னொன்றும் இருந்தது. சொல்லிவிடுகிறேன். அப்பா கைகட்டி நின்ற வாசலில், கையில் காகிதத்தோடு நிமிர்ந்து போய் நிற்க எனக்கு ஆசை.

"வாப்பா காலேஜு. அண்ணன் போனது மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு. உக்காரு." நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். மோர் வந்தது, அவர்கள் வீட்டில் குடிக்கிற அதே எவர்சில்வர் டம்ளரில். அதையெல்லாம் நான் கவனித்தேன். அவர் மனுவை எப்படிப் படித்தார் என்பதைக் கவனிக்கவில்லை. இரண்டு முறை படித்தார்.

"அடேயப்பா! தமிழ் கொட்டுது. நீயா எழுதினது?"

"ஆமாங்கய்யா."

"உங்க அண்ணி படிச்சுப் பாத்துத்தான் கையெழுத்து போட்டுச்சா?"

"படிச்சுக் காமிச்சேன். சரின்னாங்க."

"பேஷ்." கையெழுத்துப் போட்டார், தேதியும் போட்டார். "தம்பி, எனக்கு ஒரு நகல் வேணுமே. சாட்சி போடறவன் எதுல போட்டோம்னு கையில வச்சிக்கணும்ல."

"இருக்குங்க!" என்று கார்பன் பிரதியை உருவி நீட்டினேன். அதிலும் அண்ணியிடம் கையெழுத்து வாங்கியிருந்தேன். அதிலும் அவர் சாட்சி போட்டுக்கொண்டார்.

"கார்பன் வச்சே எழுதியிருக்கியா! வெவரமான புள்ளை. ஒனக்கெல்லாம் கவர்மெண்ட் வேலை வராம யாருக்கு வரும்?"

தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தேன், காரியஸ்தர் நாற்காலி போட்டதை.

உதவித்தொகை ஆடி மாதம் வந்தது. தபால்காரர் எங்கள் தெருவுக்கு மணியார்டர் கொண்டுவந்தது அதுதான் முதல் தடவை. அண்ணி கையெழுத்துப் போட்டு வாங்குவதைப் பார்க்க நாலைந்து பெண்கள் கூடிவிட்டார்கள். "எங்க வீட்டுத் தம்பி எழுதினது" என்றாள் அண்ணி. அடுத்த இரண்டு நாளில் மூன்று விதவைகளுக்கு விண்ணப்பம் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன். அவர்கள் நல்ல காலம், எழுதி முடிப்பதற்குள் எங்கள் வீட்டு விஷயம் வெடித்துவிட்டது.

மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்து, நாற்றங்கால் போட வேண்டிய நேரம். விடிந்ததும் அண்ணியும் நானும் ஏர் மாட்டை ஓட்டிக்கொண்டு வயலுக்குப் போனோம். அங்கே காரியஸ்தரின் டிராக்டர் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தது. எங்கள் ஒன்பது மாவிலும் பாதி உழுதாகிவிட்டது. வரப்பில் குடை பிடித்து நின்ற காரியஸ்தர் என்னிடம் கோபமாகக்கூடப் பேசவில்லை.

"சத்தம் போடாத தம்பி. குத்தகை இல்லேன்னு நீங்கதான எழுதிக் குடுத்தீங்க? கோர்ட்டுலேர்ந்து நோட்டீஸ் வரும். அங்க வந்து பேசு."

நோட்டீஸ் வந்தது. குத்தகைதாரர் இறந்துவிட்டார்; அவருடைய மனைவி சாகுபடி செய்பவர் அல்லர்; நிலத்தைத் திருப்பித் தர வேண்டும். இதற்கு ஆதாரம், அவரே கையெழுத்திட்டு அரசாங்கத்துக்குக் கொடுத்த மனு. நீல நிறத்தில், லேசாக மங்கி, என் எழுத்து.

அண்ணனோடு அன்று ஜெயிலில் இருந்த சங்கச் செயலாளர் வந்து அதைப் படித்தார். வக்கீல்களைவிட அவருக்குக் குத்தகைச் சட்டம் தெரியும். குத்தகைதாரன் செத்தால் மனைவிக்கு அந்தக் குத்தகை போகும், ஆனால் அவள் தன் உடம்பால் வயலில் உழைக்கிறவளாக இருக்க வேண்டும் என்று விளக்கினார். அண்ணன் செத்த மறு மாதமே அண்ணி பெயருக்குப் பதிவை மாற்றச் சொல்லி என்னிடம் ஒரு தடவை சொல்லியிருந்தார். நான்தான், உதவித்தொகை முதலில் வரட்டும், இதென்ன ஓடியா போகும் என்று விட்டிருந்தேன்.

"சட்டத்துல ரெண்டே ரெண்டு கேள்விடா. குத்தகை உண்டா? ஒழைக்கிறாளா? ரெண்டுக்கும் இல்லேன்னு எழுதிக் குடுத்திருக்க. அதுவும் ராகம் போட்டு. உங்க அண்ணன் பதினோரு நாள் களி தின்னு வாங்கினத நீ ஒரு மத்தியானத்துல குடுத்துட்ட."

அண்ணி அவரைத் தடுத்தாள். "விடுங்கண்ணே. நல்லதுக்குன்னு செஞ்சான். இப்ப என்ன வழி?"

வழி இருந்தது. மிகச் சுலபமான வழி. விசாரணையில் நான் எழுந்து, 'மனுவை நானாகவே எழுதினேன், அண்ணி சொல்லி எழுதவில்லை, அதில் உள்ளது என் கற்பனை' என்று சொல்லிவிட வேண்டும். படித்தவன் தானே முன்வந்து தன் தவறு என்று சொன்னால் அந்தக் காகிதத்துக்கு உயிர் போய்விடும். அண்ணி நடவு நட்டதற்கு ஊரே சாட்சி. "சொல்லுவியா?" என்றார் சங்கச் செயலாளர். "சொல்லுவேன்" என்றேன். என்ன சொல்ல வேண்டும் என்று அன்றே எழுதிப் பார்த்துக்கொண்டேன். இந்த முறை மோனை இல்லாமல்.

ஆவணியில் மாயவரத்தில் விசாரணை. அண்ணி, சங்கச் செயலாளர், நான் மூவரும் போனோம். கூப்பிட நேரமாகும் என்றார்கள். எதிரே டீக்கடையில் காரியஸ்தர் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு டீ சொன்னார்.

"சர்வீஸ் கமிஷன் பரீட்சையில தேறிட்டியாமே? சந்தோஷம்பா. நம்ம கிராம நிர்வாக அலுவலர் சொன்னாரு, நன்னடத்தை விசாரணைக்குக் கடிதாசி வந்திருக்குன்னு." டீயை என் கையில் கொடுத்தார். "உள்ள போயி என்னமோ சொல்லப் போறியாம். சொல்லு, வேணாங்கல. ஆனா அரசாங்கத்துக்குப் பொய் மனு எழுதினேன்னு ஒரு பையன் தன் வாயால கோர்ட்டுல சொன்னா, அது பதிவாகும்ல? அப்புறம் அதே அரசாங்கம் அவனைக் கூப்பிட்டு நாற்காலி போடுமா? நான் ஒன்னும் சொல்லல. நீயே வெவரமான புள்ளை."

அந்த டீயை நான் முழுக்கக் குடித்தேன்.

குத்தகை வழக்குகளை விசாரித்த வருவாய்த்துறை அதிகாரி நல்ல மனிதர். அதையும் சொல்ல வேண்டும். அண்ணியை நிற்க வைக்காமல் பெஞ்சியில் உட்காரச் சொன்னார். மனுவைப் படித்தார். லேசாகச் சிரித்தார் என்று நினைக்கிறேன்.

"நாத்து முடி எதுன்னு தெரியாதுன்னு இருக்கு. கையக் காட்டும்மா."

அண்ணி இரண்டு கையையும் நீட்டினாள். விரலிடுக்கில் சேற்றுப்புண் ஆறிய தழும்புகள். நகக்கண்ணில் எத்தனை தேய்த்தாலும் போகாத வயல் கறுப்பு.

"நட்ட கைதான். எனக்குத் தெரியுது. ஆனா காகிதத்துல உங்க கையெழுத்து இருக்கே. குத்தகையும் இல்லேங்குது. இத யாரு சொல்லி எழுதினது?"

அதுதான் என் இடம். அதற்கு மேல் தெளிவாக யாராலும் எனக்கு இடம் விட முடியாது. பின்னாலிருந்து சங்கச் செயலாளர் என் முதுகில் ஒரு விரலால் குத்தினார். நான் நிமிர்ந்தேன். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அதன் ஒரு றெக்கையில் மட்டும் ஒட்டடை. இன்னொரு குத்து விழுந்தது. பத்து நிமிஷம் மூச்சு விடாமல் பேசுகிற எனக்கு 'ஐயா' என்ற ஒரு சொல் வரவில்லை. அண்ணி என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அது தெரிந்தும் நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் சொல்லித்தாங்க எழுதினான்" என்றாள் அண்ணி.

"நீங்க சொன்னீங்களா? குத்தகை இல்லேன்னு?"

"ஆமாங்க. பணம் வருமேன்னு நான்தான் சொன்னேன்."

"அப்ப அரசாங்கத்துக்குப் பொய் சொல்லியிருக்கீங்க. இல்லேன்னா, இங்க சொல்றீங்க. ரெண்டுல ஒன்னு."

அண்ணி மறுபடியும் என் பக்கம் பார்த்தாள். எதிரே காரியஸ்தர் தன் மேல்துண்டை மடித்து மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

தீர்ப்பு வரை போயிருந்தால் ஒன்பது மாவும் போயிருக்கும். சங்கத்துக்காரர்கள் நாற்பது பேர் கொடியோடு வயலில் இறங்கி உட்கார்ந்ததால்தான் காரியஸ்தர் சமரசத்துக்கு வந்தார். மூன்று மா அண்ணிக்கு, புதிய குத்தகைச் சீட்டோடு. ஆறு மா மிராசுதாருக்கு. உட்கார்ந்தவர்களில் ஐந்து பேர் மேல் அத்துமீறல் வழக்குப் போட்டார்கள். அவர்கள் யாரும் என்னைப் போல் பட்டதாரி இல்லை. நிலத்தைப் பிரித்துக் கல் நட்ட அன்று சர்வேயருக்குச் சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தது நான். சங்கச் செயலாளர் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

மணியார்டர் இரண்டு முறை வந்தது. மூன்றாவது முறை வரவில்லை. மனுவில் பொய் இருப்பதாக விசாரணை அதிகாரி தாலுகா ஆபீஸுக்கு எழுதிவிட்டார். நான் போய்க் கேட்டேன். அங்கிருந்த கிளார்க் கோப்பைப் பிரித்தார். பாரத்துக்குப் பின்னால் என் மனு, மடிப்புக்கூடக் கலையாமல்.

"இது என்ன? மனுவா? இத யாரு வைக்கச் சொன்னா?"

"நானாத்தான் சார் வச்சேன்."

"இது தேவையே இல்லியே. பாரத்தப் பாத்துத்தான் ஆர்டர் போட்டிருக்கு. இத யாரும் படிக்கவே இல்ல." முகத்தைப் பார்த்து எனக்காக வருத்தப்பட்டு, "கையெழுத்து நல்லா இருக்கு" என்றார்.

ஐப்பசியில் எனக்கு வேலை ஆர்டர் வந்தது. இளநிலை உதவியாளர், கீழ்வேளூர்ப் பக்கம். அண்ணி தெருவுக்கே சர்க்கரை கொடுத்தாள். பஸ் ஏற்றிவிட வந்தவள், "வேளாவேளைக்குச் சாப்பிடு. ஆபீஸுல யாரு கூடவும் வாயக் குடுக்காத" என்றாள். முதல் மாதத்திலிருந்து என்னால் முடிந்ததை அனுப்பிக்கொண்டிருக்கிறேன். அண்ணி வாங்கிக்கொள்கிறாள். வேண்டாம் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அது எனக்குக் கொஞ்சம் நிம்மதி, கொஞ்சம் பயம்.

வேலையில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிற சமயம், போன புரட்டாசியில், நடவுக்காக லீவு போட்டு வந்தேன். மூன்று மாவுக்கு நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தோம். நாற்றங்காலில் நானும் அண்ணியும் மட்டும். எனக்கு நாற்றுப் பறிக்கச் சரியாக வராது, வேர் அறுந்துவிடும். அண்ணி ஒரு முடி கட்டுவதற்குள் நான் பாதி கட்டியிருப்பேன். ஒரு வருஷமாகத் தொண்டையில் கிடந்ததை அங்கே, குனிந்தபடியே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். விசாரணை அன்று நான் ஏன் பேசவில்லை என்பதை. டீக்கடையை. வேலையை. நடுவில் இரண்டு மூன்று இடத்தில் குரல் நடுங்கியது. அந்த நடுக்கத்தை எனக்கு நன்றாகத் தெரியும். மேடையிலும் அது எனக்கு வரும்.

என்ன எதிர்பார்த்தேன் என்று மறைக்காமல் எழுத வேண்டும். 'போனா போகுது தம்பி, நீ நல்லா இருந்தா சரி' என்று அண்ணி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

அண்ணி கையிலிருந்த நாற்றை வேரில் ஒட்டிய சேறு போகக் காலில் அடித்தாள். முடி போட்டாள். அடுத்த கைப்பிடி பறித்தாள்.

"வேலைக்குத்தான் பயந்தேன்னு எனக்குத் தெரியாதா? அவரு டீ வாங்கிக் குடுத்ததைப் பாத்துக்கிட்டுத்தானே நின்னேன்."

"தெரிஞ்சும் ஏன் அண்ணி உங்க மேல போட்டுக்கிட்டீங்க?"

இப்போது நிமிர்ந்தாள். இடுப்பில் கை வைத்து என்னைப் பார்த்தாள். கோபம் அவளுக்கு அபூர்வம். கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரம் ஆனது.

"போட்டுக்கவா சொன்னேன்? ஆபீஸரு கேட்டாரு, நீ மேல பாத்துக்கிட்டு நின்ன. நான்தான் சொன்னேன்னு ஒரு வார்த்தை விட்டா, புள்ளைக்கு ரோசம் வந்து 'இல்லீங்கய்யா, நான் எழுதினது'ன்னு உடனே எந்திரிப்பான்னு நெனைச்சேன். எந்திரிச்சிருந்தா அப்பவே முடிஞ்சிருக்கும். பாத்தேன், பாத்தேன். நீ எந்திரிக்கல. பொழுதுக்கும் வாய மூடாத புள்ளை, அன்னிக்குன்னு பாத்து மூடிக்கிட்ட."

எனக்கு இந்தக் கணக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. அவள் என்னைக் காப்பாற்றினாள் என்றே ஒரு வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையில் அழுததும் உண்டு.

"இப்ப எழுதிப் போடட்டுமா அண்ணி?" என்றேன். அவசரமாக, உற்சாகமாகக்கூடக் கேட்டேன். "ஆபீஸருக்கு. எல்லாம் நான்தான்னு. அப்பீல் போகலாம். வேலை போனாப் போகட்டும்."

"அய்யோ சாமி" என்றாள் அண்ணி. "நீ எழுதினது போதும்."

சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. குனிந்துவிட்டாள்.

உச்சிக்குள் எங்கள் மூன்று மாவும் நட்டு முடிந்தது. நடவுக்கு வந்த பெண்கள் கரையேறிக் கஞ்சி குடித்தார்கள். அண்ணியும் குடித்துவிட்டு, பாத்திரத்தை வாய்க்காலில் அலம்பி என்னிடம் கொடுத்தாள். பிறகு அந்தப் பெண்களோடு சேர்ந்து வரப்பில் நடந்து, நாங்கள் நட்டுவைத்த கல்லைத் தாண்டி, ஆறு மாவில் இறங்கினாள். காரியஸ்தர் அங்கே நடவுக்கு ஆள் கேட்டிருந்தார். அண்ணி முந்தின நாளே பெயர் கொடுத்திருந்தாள். என்னிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வரிசையில் முதல் ஆளாக அவளைத்தான் நிறுத்தினார்கள். அவள் நடும் வேகத்துக்கு மற்றவர்கள் வர வேண்டும் என்பதற்காக. நான் பாத்திரத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கரையில் நின்றேன். "தம்பி, வெயில்ல நிக்காத. வீட்டுக்குப் போ" என்று அங்கிருந்தே சத்தம் கொடுத்தாள்.